கடைசி எண் இருபத்துமூன்று

மறுபடி போய்விட்டது.
திரையில் கதாநாயகி வாயைத் திறந்தபடி நிற்கிறாள்.
அவள் மூக்கின் மேல் ஒரு வட்டம் சுழல்கிறது.
சோப்புக்கட்டி அளவுக் கறுப்புப் பெட்டி,
நெற்றியில் ஆரஞ்சு விளக்கு:
இணைப்பு இல்லை.

வல்திவியாவில் எதற்கும் மழைதான் காரணம்.
பேருந்து வராவிட்டால் மழை,
மாவு உப்பாவிட்டால் மழை.
கம்பெனிக்காரனும் அதையே சொன்னான்:
"மழைதான், சென்யோரா. ஈரக் காற்று."
என் கூடத்துக்குள் ஏதய்யா மழை என்றேன்.
பிளக்கைப் பிடுங்கி முப்பது எண்ணச் சொன்னான்.
எண்ணினேன். வந்தது.
வெள்ளிக்கிழமை மறுபடி போனது.

பிறகு நானே இறங்கினேன்.
விறகடுப்பின் தகரக் குழாய் மறைக்கிறதோ என்று
ரூட்டரை அலமாரி உச்சிக்கு ஏற்றினேன்.
மைக்ரோவேவ் மேல் பழி போட்டு
இரண்டு நாள் சூப்பை அடுப்பிலேயே சுடவைத்தேன்.
கேபிளை மாற்றினேன்.
மென்பொருளைப் புதுப்பித்தேன், அது
நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டு
மெனுவின் நிறத்தை மட்டும் மாற்றியது.
மேல்மாடி தோன் எலியோதோரோ வந்து பார்த்தார்,
தலையை ஆட்டினார்,
என் பிஸ்கட்டில் ஆறு தின்றார்,
ஆன்டெனா இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை
என்று சொல்லிவிட்டுப் போனார்.

கப்பல் பட்டறையில் என் வேலை போல்ட், நட்டுக் கணக்கு.
நான்காயிரத்தில் இரண்டு குறைந்தாலும்
எங்கே என்று கேட்பேன்.
அதே புத்தி. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டினேன்:
செவ்வாய், 7.22.
வெள்ளி, 7.19.
செவ்வாய், 7.25.
வெள்ளி, 7.20. அன்று மழையே இல்லை.
மழைக்குக் கிழமை பார்க்கத் தெரியாது.

செவ்வாயும் வெள்ளியும் ரயேனுக்கு நீச்சல் வகுப்பு.
ஏழு இருபதுக்குக் குளோரின் மணக்க
ஈரத் தலையோடு படியேறி வருவாள்.
இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை,
சத்தியமாக.
நட்டுக் கணக்கில் பிள்ளைகளை எழுதுவதில்லை.

அடுத்த செவ்வாய்
ரூட்டரின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு
எலிவளை முன் பூனைபோல் உட்கார்ந்தேன்.
என் கைபேசி. ரயேனின் டேப்லெட். பிரிண்டர்.
பெட்டி, கடைசி எண் இருபத்துமூன்று.
7.21க்கு
அடியில் ஒரு வரி முளைத்தது:
லௌதாரோவின் கைபேசி,
கடைசி எண் இருபத்துமூன்று.
கதாநாயகி வாயைத் திறந்தபடி நின்றாள்.
நானும்தான்.

ஓர் உறையில் இரண்டு வாள்.
அந்த எண்ணைத் தன் கைபேசிக்கென்று பூட்டிவைத்தவன் அவன்.
எல்லாவற்றுக்கும் நிலையான இடம் வேண்டும் அவனுக்கு,
ஸ்பானருக்கு ஓர் ஆணி, கத்தரிக்கோலுக்கு ஓர் ஆணி.
போகும்போது ஸ்பானர்களை எடுத்துப்போனான்.
ஆணிகள் சுவரிலேயே இருக்கின்றன.
எண்ணை மறந்துவிட்டான்.
ஆளில்லாத எண்தானே என்று ரூட்டர் அதைத் தூக்கிப்
பெட்டிக்குக் கொடுத்திருக்கிறது,
யாரையும் கேட்காமல்.

திரைச்சீலையை விலக்கினேன்.
கீழே வெள்ளை வேன், விளக்கணைத்து,
வைப்பரை மட்டும் ஓடவிட்டு.
ஆற்றுப்பக்கம் ஒரு கடல்சிங்கம் ஏப்பம் விட்டது.
மகளை இறக்கிவிட்ட பிறகும் பதினெட்டு நிமிடம்
அங்கே என்ன செய்கிறான்?
கைபேசி வெளிச்சத்தில் தாடை அசைந்தது.
ஏக்கம் என்று எழுத ஆசைதான்.
சாண்ட்விச்.
சாண்ட்விச் தின்றுகொண்டே என் இணையத்தில்
கால்பந்து பார்க்கிறான்.

கடவுச்சொல்லை மாற்றலாம். ஒரு நிமிட வேலை.
அது இன்னும் நாயின் பெயர்தான்,
ஆறு வருடம் முன்பு கொட்டும் மழையில்
நாங்கள் இருவரும் ஒரே மண்வெட்டியால்
மாற்றி மாற்றிக் குழி தோண்டிய நாய்.
அந்தக் கட்டத்தில் கர்சர்
கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது.

பெட்டியின் பக்கத்துக்குப் போய்
மூன்றை அழித்து நான்கு எழுதினேன்.
ஆரஞ்சு பச்சையானது.
கதாநாயகி சொல்லவந்ததைச் சொல்லி முடித்தாள்,
அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே ரயேன் கேட்டாள்:
"சரியாயிடுச்சா? என்னவாம்?"
"மழை" என்றேன்.