ஆறு வினாடி

மேலுமலை இறக்கத்தில்
கிரானைட் லாரியின் முதுகில் முட்டி
இருபத்திரண்டு நாளாயிற்று அந்த வண்டிக்கு.
முகம் மாற்றியாகிவிட்டது.
புது பம்பர், புது பானெட், ரேடியேட்டர்.
ஓசூரில் யாரோ நன்றாகவே அடித்திருக்கிறார்கள் பெயிண்ட்,
வெயிலில் சாய்ந்து பார்த்தால்தான்
இரண்டு வெள்ளை தெரியும்.

"விளக்கு ஒண்ணுதான் பாக்கி" என்றார் எத்திராஜுலு.
மூக்கின் மேல் தையல் போட்ட தழும்பு.
மீட்டருக்குள் சிவப்பாய்
மடியில் பந்தோடு உட்கார்ந்திருந்தான் ஒரு குட்டி மனிதன்.
"அவனை மட்டும் கிளப்பி விடுங்கம்மா.
காவேரிப்பட்டணத்துல பார்ட்டி ரெடி.
ஞாயித்துக்கிழமை கைமாறணும்."

கருவியைச் செருகினேன்.
மோதல் பதிவாகியிருக்கிறது என்றது.
டிரைவர் பெல்ட், சர்க்யூட் அறுந்திருக்கிறது என்றது.
அவ்வளவுதான்.
பையைப் பற்றி ஒரு புகாரும் இல்லை.
முன்பக்கம் அத்தனை நசுங்கிய வண்டி
பை நலமாயிருக்கிறது என்று சொன்னபோது
எனக்குச் சந்தேகம் வந்தது.

பேட்டரியின் மைனஸைக் கழற்றிப்
பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும்,
உள்ளே மிச்சமிருக்கும் கோபம் வடிய.
இர்ஃபானுக்கு அந்தப் பத்து நிமிடம்தான் பிடிக்காது.
மஞ்சள் பிளக்கில் மீட்டர் முனையை வைக்காதே என்றால்
ஏன் என்று கேட்பான் ஒவ்வொரு முறையும்.
ராயக்கோட்டை ரோட்டில் மாங்காய் லாரிகள்
வரிசையாய் நின்றன, ஆலைப் பக்கமிருந்து
கூழ் வாசனை, கொஞ்சம் புளித்தது.

ஸ்டியரிங் மூடியைத் திறந்தேன்.
பை இருக்க வேண்டிய இடத்தில்
கறுப்பு டேப் சுற்றிய ஒரு ரெசிஸ்டர்.
இரண்டு ஓம். நாலு ரூபாய்.
பெட்டி கேட்கும்போதெல்லாம்
"இருக்கேன், இருக்கேன்" என்று
பைக்குப் பதில் அது சொல்லிக்கொண்டிருந்தது.

பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.
மோதுகிற கணத்தில் உள்ளே ஒரு துளி மருந்து வெடித்து
நாடாவை இறுக்கிப் பூட்டிக்கொள்ளும்.
தையல்காரர் அளவெடுத்த மாதிரி
அன்றைக்கு அதில் இருந்த உடம்பு
அப்படியே நிற்கும்.
இதில் உடம்பு இல்லை.
சீட்டின் முதுகுக்குப் பின்னால் ஓடி
காலியான ஒரு தோளை
இறுக்கிப் பிடித்திருந்தது பெல்ட்.

அவரைப் பார்த்தேன்.
"கீய்ங் கீய்ங்னு கத்திட்டே இருக்குமா" என்றார்.
"பின்னாடி மாட்டி வெச்சா கம்முனு இருக்கும்."

பை, சுருள் நாடா, பெல்ட், பெட்டி,
வயர் சரிபார்ப்பு, என் கூலி.
தாளில் எழுதிக் காட்டினேன்.
மூக்கைத் தடவிக்கொண்டார்.
"அந்த நாலு ரூபா ஐட்டம்
பெல்ட்டுக்கும் ஒண்ணு போட முடியாதா?"
"முடியும்" என்றேன்.
முடியாது என்று பொய் சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
"நான் போட மாட்டேன்.
வாங்குறது யாரு?"
"ஒரு டீச்சரம்மா. இப்பதான் ஓட்டக் கத்துக்கறாங்க."

வெளியே போனார்.
மாங்காய் லாரிக்காரனிடம் தீப்பெட்டி வாங்கினார்.
போனை எடுத்தார், வைத்தார், எடுத்தார்.
இர்ஃபான் என்னிடம் கிசுகிசுத்தான்,
"அக்கா, வண்டிய வேற கடைக்கு எடுத்துட்டுப் போயிடுவார்."
போகலாம். பைபாஸில் ஒன்பது கடை இருக்கிறது.

பதினொரு நாள் கழித்துப் பெங்களூரிலிருந்து
அட்டைப் பெட்டிகள் வந்தன.
மாட்டி முடித்து மைனஸைக் கொடுத்தபோது
ஷட்டர் இறக்கும் நேரம்.
சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட் பண்ணவில்லை.
சிவப்பு மனிதன் வந்தான்.
"எரியுதே!" என்று பதறினார்.
"எரியணும். எரியவே இல்லைன்னாதான் பயப்படணும்.
எண்ணுங்க."

ஜன்னலுக்குள் தலையை விட்டு
விரல் மடக்கி எண்ணினார், தெலுங்கில்,
ஒகட்டி, ரெண்டு, மூடு.
நாலில் ஒரு லாரி ஹாரன் அடித்துப் போனது.
ஐந்து.
ஆறில் பந்தோடு எழுந்து போய்விட்டான் அவன்,
சத்தமில்லாமல்.

கொஞ்ச நேரம் அந்த இருட்டான இடத்தையே
பார்த்துக்கொண்டிருந்தார் எத்திராஜுலு.
பிறகு,
"இன்னொரு தரம் போட்டுக் காட்டுங்கம்மா" என்றார்.