பதினேழாம் எண்

கருவியின் கூம்பு கருவிழியைத் தொட்டதும்
நீல வெளிச்சத்தில் இரண்டு பச்சை அரைவட்டங்கள்.
உள்விளிம்புகள் முட்டும்வரை திருகுவேன்.
முட்டுகிற இடத்தில் ஓர் எண் இருக்கும்.
பாளையங்கோட்டையில் ஆறு வருடமாக
ஆட்களை அந்த எண்ணாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

மைதீன் பாத்து: இருபத்தெட்டு.
மேலப்பாளையம். பீடி சுற்றுகிறாள். என் வயதுதான்.
ஆய்வுத் தாளில் பெயர் கூடாது,
அங்கே அவள் பதினேழு.

"இலை தெரியுது, நூலு தெரியுது, முடிச்சு தெரியுது.
சொளவு ஓரத்துத் தூளுதான் காணாமப் போவுது.
வலப்பக்கம் வந்த ஆட்டோவ
ஆரன் அடிச்ச பொறவுதான் கண்டேன்."
செக்கர் ஒரு பீடியைக்கூடக் கழித்ததில்லையாம்.
நடுவில் எல்லாம் சரியாக இருந்ததால்
நோய் இத்தனை காலம்
வாடகை கேட்காமல் குடியிருந்திருக்கிறது.

கண்ணுக்குள் ஒரு நீர் ஊறுகிறது, கண்ணீர் அல்ல.
ஊறுவது வடிய வேண்டும்.
வடியும் வழியில் சல்லடைபோல் ஒரு பின்னல்.
மருதூர் மேலக்காலில் அமலை அடைத்தால்
தண்ணீர் ஏறி நிற்குமே, அப்படி
என்று விளக்கத்தாளில் எழுதியது நான்.
"அமலைய அள்ளிப்போட ஆளில்லையா?" என்றாள்.
அதற்குத்தான் புதுச் சொட்டு.
கத்தி படாமல்
பின்னல் தானே தளர வேண்டும்.

இரண்டு வெள்ளைப் புட்டிகள்.
எது புதிது, எது பழையதென்று
எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.
காலையும் இரவும்
எங்கள் ஆள் வீட்டுக்கே போய் விட்டுவந்தார்.
ஆறாம் வாரம் வார்டில் தங்கவைத்து
மூன்று மணிக்கொருதரம் அளந்தோம்.
இரவு இரண்டு மணிக்கு எழுப்பப் போனால்
தூக்கத்தில் போர்வை விளிம்பைச்
சுற்றிக்கொண்டிருந்தன அவள் விரல்கள்.
பதினாறு.
இன்னொரு தரம் அளந்தேன். பதினாறு.
புதுசுதான் என்று
மனசுக்குள் பந்தயம் கட்டினேன்.

உறையைப் பிரித்த அன்று
பதினேழுக்கு நேரே: பழையது.
நாலு வருடமாக அவள் வீட்டு அலமாரியில் இருக்கும் அதே மருந்து.

பஸ் ஏறிப் போனேன்.
"எப்படி விடுவிய, காட்டுங்க."
அண்ணாந்தாள்.
முதல் சொட்டு புருவத்தில்.
அடுத்தது கன்னத்தில்.
மூன்றாவது, "இது பட்டிருக்கும்னு நெனைக்கேன்."
ஒரு மாதப் புட்டி பத்து நாளில் காலி.
மீதி இருபது நாள்
யாரிடமும் சொல்லவில்லை.

புது மருந்து தோற்கவில்லை.
பழையதைவிட ஒரு புள்ளி கூடுதலாகக் குறைத்தது.
ஒரு புள்ளி. அதையும் எழுதினோம்.

இப்போது நகத்தைவிட மெல்லிய ஏடு,
கீழிமைக்குள் செருகினால்
மூன்று மாதம் மருந்து கசிய வேண்டும்.
நேற்று இரண்டு முயல்களின் கண்ணிலிருந்து
நழுவி விழுந்துவிட்டது.
மற்றொன்றில் மருந்து முழுதும்
மூன்றே நாளில் தீர்ந்தது.
சொன்னேன். சிரித்தாள்.
"இறுக்கிச் சுத்துனா புகை வராது,
லூசா சுத்துனா தூளு கொட்டிரும்.
எனக்கே ஒரு வருசம் ஆச்சு."

இன்றைக்குப் பத்தொன்பது.
போன ஓரம் திரும்பாது, அதை அவளிடம் சொல்லியாயிற்று.
வாசலில் கழுத்தை முழுதாகத் திருப்பி
வலம் பார்த்து, இடம் பார்த்து
மறுபடி வலம் பார்த்தாள்.
நான் அந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன்.