அரைச் சுற்று

நொச்சிமுனைப் புகைப் பரிசோதனை நிலையத்தில்
இன்றைக்குப் பதினோராவது வாகனம்
ஒரு ஆமைக் கார்.
ஐந்து ஸ்ரீ இலக்கத் தகடு, மோர் நிறம்,
இடது மட்காட்டில் காயாத புட்டி.
உரிமையாளர்: ஒஸ்மண்ட் பார்த்தலட், டச்பார்.
தண்ணி ஊற்றும் இடத்தைத் தேடி
புதுப் பையன் முன்மூடியைத் திறந்தான்.
உள்ளே ஒரு குடை, ஒரு உதிரிச் சில்லு,
பாதி மூட்டை தவிடு.
"எஞ்சின் பின்னால தம்பி. அது தண்ணி குடிக்காது."

புகைக்குழாய் இரண்டு.
ஒன்றுக்குள் கம்பியைச் செருகிவிட்டு
எண்கள் ஏறக் காத்திருக்கிறேன்.

காத்திருப்பதுதான் என் வேலை. இடையில் வாசிப்பேன்.
வொக்ஸ்வேகன் என்றால் மக்கள் வண்டியாம்.
வாரம் ஐந்து மார்க். முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டு.
அட்டை நிறைந்தால் கார்.
மூன்று லட்சம் பேருக்கு மேல் ஒட்டினார்கள்.
ஒருவர் வாசலுக்கும் கார் வரவில்லை.
சீட்டுப் பிடித்தவள் இரவோடிரவாக ஓடிப்போன
ஒழுங்கையில் வளர்ந்த எனக்கு
இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

யுத்தம் வந்ததும்
தொழிற்சாலை ராணுவத்துக்கு வண்டி செய்தது,
பிடித்து வரப்பட்டவர்களின் கைகளால்.
அங்கே பெண்கள் பெற்ற பிள்ளைகளைப் பிரித்து
ஒரு விடுதியில் போட்டார்கள்.
நூற்றுக்கணக்கான பிள்ளைகள் செத்தார்கள்.
அந்த இடத்தில் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு
ஒரு ஓட்டோவைச் சோதித்தேன்.

பிறகு அதே பெயரில்
உலகமே சிரித்துக்கொண்டு வாங்கிய வட்ட முதுகு.
கொதிக்காது, கைவிடாது, தண்ணியில் மிதக்கும்
என்றெல்லாம் பேர்.

"மிதந்ததுதான்," என்கிறார் பார்த்தலட்,
நான் ஒன்றும் கேட்காமலே.
"கடல் வந்த அண்டைக்கு எங்கட வளவில இருந்து
வாவிப் பக்கம் கிண்ணம் மாதிரிப் போச்சு.
ஒருத்தரையும் ஏத்திக்கொண்டு போகல்ல."

திரையைப் பார்க்கிறேன்.

கொழும்பில், பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்:
அதே கம்பனியின் டீசல் கார்கள்,
ஒரு கோடிக்கும் மேல்.
சில்லு உருள்கிறது, ஸ்டியரிங் அசையவில்லை என்றால்
இது சோதனை என்று எஞ்சினுக்கு விளங்கிவிடும்.
உடனே நல்ல பிள்ளையாகிவிடும்.
தெருவுக்கு வந்ததும் வேறு மூச்சு.
வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

எனக்கு அந்த எஞ்சினைத் தெரியும்.
வலையிறவில் பஸ்ஸால் இறங்கி
வரிசையில் நடந்த பதினாறு வயதில்
நானும் அப்படித்தான்.
முகத்தைத் தளர்த்து. கையை வெளியே வை.
மூச்சை அளந்து விடு.
பாலம் தாண்டிய பிறகுதான்
நெஞ்சு தன் கணக்குக்கு அடித்துக்கொள்ளும்.
நான் ஒளித்தது பயம்.
அது ஒளித்தது நஞ்சு.
இரண்டும் ஒன்றா சேர் என்று கேட்கக்
கையைத் தூக்கினேன்.
தேநீர் இடைவேளை என்றார்கள்.

கார்பன் மொனொக்சைட் கூட. தோல்வி.
பார்த்தலட் கோபிக்கவில்லை.
பின்மூடியைத் தூக்கி, சேட்டுப் பையிலிருந்து
குட்டித் திருப்புளியை எடுத்து
கார்பரேட்டர் ஆணியை அரைச் சுற்று இறுக்கினார்.
எஞ்சின் இருமியது, தள்ளாடியது,
பிறகு பூசையில் நிற்பவன் போல அடங்கி நின்றது.
"இப்ப ஒருக்காப் பாரு பிள்ள."

பாஸ்.

அச்சு இயந்திரம் சான்றிதழைத் துப்பியது.
என் பெயரை, என் இலக்கத்தை,
கீழே ஒப்பத்தை வைத்துக் கொடுத்தேன்.

எதிர்ப்பக்கத்து வாகை நிழலில்
அந்த மோர் நிறம் நிற்பதையும்,
அவர் இறங்குவதையும்,
பின்மூடி மறுபடி உயர்வதையும்,
மணிக்கட்டு
மறுபக்கமாக அரைச் சுற்றுத் திரும்புவதையும்
கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவது வாகனம் ஹோன் அடித்தது.