கூரைமேல் ஒருவன்

ஓசூர், பாகலூர் ரோட்டு ஓட்டலின் முதல் மாடி.
கட்டட வடிவமைப்பாளருக்கு ஒருநாள் பயிற்சி.
வடைக்கு முன்னால் சட்டம்,
சாப்பாட்டுக்குப் பின்னால் பொறுப்பு
என்று நிரலில் போட்டிருந்தது.
பாதிப் பேர் சான்றிதழுக்கு வந்தவர்கள்.
நானும்.

பெனாசீருக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு.
பிரிவை ஒருமுறைதான் வாசித்தாள்:
கட்டுகிறவன் உடம்பையும்
பிற்பாடு பராமரிக்க ஏறுகிறவன் உடம்பையும்
திட்டமிடும்போதே எண்ணிப் பார்ப்பது
வரைகிறவர் கடமை.
பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு,
"உங்க படத்துல இருக்கற ஆளுங்களைக் காட்டுங்க சார்" என்றாள்.

ஆளுங்களா?

இருந்தார்கள்.
அளவு தெரிவதற்காக ஒட்டுகிற ஆட்கள்.
பெட்டி தூக்கியவன்,
குழந்தையைக் கையில் பிடித்தவள்,
வேம்பும் அல்லாத மாவும் அல்லாத
ஏதோ ஒரு மரத்தடியில்
எந்நேரமும் கடிகாரம் பார்க்கிறவன்.
எல்லாரும் தரையில் நின்றார்கள்.
ஒருத்தருக்கும் வியர்க்கவில்லை.

"இந்தத் தகரத்தை முடுக்கினது யாரு?
ஆடி மழைக்கு முன்னாடி
கால்வாய்ச் சருகை அள்ளப்போறது யாரு?"
"கான்ட்ராக்டர் பாத்துப்பார் மேடம்."
பின்வரிசையில் சிரிப்பு.
"ஆளை ஏத்தறது அவர்தான்.
அவன் காலடியில என்ன இருக்கும்னு
முடிவு பண்ணினது நீங்க."

வடை வந்தது. நான் எடுக்கவில்லை.

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலை.
பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் கைப்பட.
மூன்று தகரத்துக்கு ஒரு வெளிச்சத் தகடு.
பகலில் விளக்கே வேண்டாம் என்று
முதலாளி தோளில் தட்டினார்.
என் படத்தில் தகரத்துக்கு ஒரு கோடு,
வெளிச்சத்துக்கு இன்னொரு கோடு.
மேலே, பதினோரு வருஷப் புழுதிக்கு
இரண்டும் ஒரே நிறம்.

படிக்கட்டில் நின்று மேனேஜரைக் கூப்பிட்டேன்.
"அதெல்லாம் ஒண்ணும் ஆகலைங்க சார்.
போன வைகாசியில நம்ம மாதேசன் மட்டும்
தொடை வரைக்கும் உள்ள போயிட்டான்.
குறுக்குக் கம்பி தடுத்துச்சு.
ஆறு தையல்.
இப்ப பலகை போட்டிருக்கோம்.
ஏன் சார், திடீர்னு?"

சான்றிதழை வாங்கிக்கொண்டேன்.
என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை.

அன்றிரவு
பர்கூர் குடோன் படத்தைத் திறந்தேன்.
கணினிச் சேமிப்பில் அப்படி ஒரு ஆள் கிடையாது.
நானே வரைந்தேன்:
லுங்கியை மடித்துக் கட்டி,
ஒரு கையில் சாக்கோடு,
கூரையோரம் குந்தியிருப்பவன்.

வரைந்ததும் கேட்க ஆரம்பித்துவிட்டான்.
எப்படி ஏறினேன்? ஏணி போட்டேன்.
எதில் நடப்பேன்? இரண்டடி நடைபாதை.
கயிற்றை எதில் மாட்ட?
வெளிச்சத் தகட்டின் அடியில் வலை இருக்கிறதா?
கால்வாயைச் சுவரோரத் தரையிலிருந்தே
கழுவும்படி வைத்தால்
நான் ஏறவே வேண்டாமே?
அதற்கு இரண்டு மணி ஆகிவிட்டது.
முழுக்க முடியவில்லை.
ஒரு பக்கக் கால்வாய்க்கு
அவன் இன்னும் ஏறத்தான் வேண்டும்.

காலையில் குடோன்காரர் அழைத்தார்.
"கூரைமேல என்ன சார் ஒரு ஆளு?
அழிச்சிட்டு அனுப்புங்க,
பேங்க்குல காட்டணும்."
"அழிச்சிடலாம்ங்க.
வருஷத்துக்கு ரெண்டு தடவை நீங்களே
அவனை அங்க அனுப்புவீங்க."

சற்று நேரம் சத்தமில்லை.
அவர் பக்கம் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தது.

"ஏணி," என்றார்,
"எவ்வளவு ஆகும்?"