நீடாமங்கலம் கேட்

மார்த்தா, ஜியான்னி,
உங்கள் ஏழு பக்கக் கேள்விகள்
மன்னார்குடிக்கு வந்து பதினோரு நாளாகிறது.
பதில்களை ஆங்கிலத்தில் தட்டி அனுப்பிவிட்டேன்.
எடை பன்னிரண்டரை கிலோ.
காது நன்றாகக் கேட்கிறது.
தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று.

இது தமிழில்.
உங்களால் படிக்க முடியாது
என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

பிறந்த மாதத்தை நம்பாதீர்கள்.
டாக்டர் பல்லை எண்ணிவிட்டுச் சித்திரை என்றார்.
சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்பனுக்கு ஆகாது என்று
எழுத்தர் நாகப்பன் வைகாசிக்குத் தள்ளினார்.
எந்த அப்பனுக்கு என்று நான் கேட்கவில்லை.
உங்களுக்காகத்தான் இருக்கும், ஜியான்னி.

தென்னரசி என்பது கமிட்டி வைத்த பெயர்.
அம்மு என்றால்தான் திரும்புவாள்.
இந்தப் பக்கத்தில் பாதித் தெருவுக்கு அதுதான் பெயர்,
இருந்தாலும் அவளோடு வந்தது
அது ஒன்றுதான்.

வீடியோ காலில்
அழவே மாட்டேன் என்கிறாளே, எவ்வளவு சமர்த்து என்று
கைதட்டினீர்கள்.
அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.
இங்கே பதினெட்டுப் பிள்ளைகளுக்கு
இரவில் ஒரே ஆயா.
அழுதால் யாராவது வருவார்கள் என்பது
அவளுக்கு இன்னும் தெரியாது.
உங்கள் வீட்டில் ஒருநாள்
விடிய விடிய வீறிடுவாள்,
எதை நீட்டினாலும் தட்டிவிடுவாள்,
பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார்.
அன்றைக்குக் கைதட்டுங்கள்.

நீடாமங்கலம் கேட் உங்களுக்குத் தெரியாது.
மூடினால் இருபது நிமிடம்,
சரக்கு ரயில் மாட்டிக்கொண்டால் ஐம்பது.
பேருந்தே காலியாகும்,
டீக்கு, வெள்ளரிப் பிஞ்சுக்கு, ஒதுங்க.
தஞ்சாவூர் வண்டியில்
கடைசிக்கு முந்தின சீட்டில் ஒருத்தி
இதோ வந்துவிடுகிறேன் என்று இறங்கினாள்.
கேட் திறந்தது. எல்லாரும் ஓடிவந்து ஏறினார்கள்.
பிள்ளை கையில் பாதி கடித்த பிஸ்கட்.

இவ்வளவும் கண்டக்டர் சொன்னது.
இதோ வந்துவிடுகிறேன் என்பது மட்டும்
நான் சேர்த்தது.
பெரியவளாகிக் கேட்டால் நீங்களும் சேர்க்கலாம்.
சேர்த்தது என்று சொல்லிவிட்டுச் சேருங்கள்.

இரண்டு பத்திரிகையில் படம் போட்டோம்.
யாரும் வரவில்லை.
அப்படியென்றால் வேண்டாம் என்று விட்டார்கள்தானே
என்று கேட்டிருக்கிறீர்கள், கேள்வி இருபத்தாறு.
நடவு முடிந்து கூலி வாங்கிப் போகிறவள்
எந்தப் பத்திரிகையில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பாள்?
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டேன்.

ஆகையால்
நிற்கிற காரிலிருந்து இறங்கும்போது
முதலில் அவளை இறக்குங்கள்.
பெட்ரோல் போடத்தான் என்றாலும்.
ஒரு நிமிடம்தான் என்றாலும்.

பிஸ்கட்டை முழுதாகத் தின்னமாட்டாள்.
பாதி தலையணைக்கு அடியில் போகும்.
எறும்பு வரும்.
எறும்பைத் துடையுங்கள்,
பிஸ்கட்டை எடுக்காதீர்கள்.

உங்கள் பக்கமும் நெல் விளையுமாம், நல்லது.
சோற்றைக் குழையப் பிசைந்து கையால் ஊட்டுங்கள்,
கரண்டி பிறகு வரட்டும்.
வரைபடத்தில் பார்த்தேன்,
தெற்கே ஓடும் ஆற்றுக்குப் பெயர் போ.
இங்கே அது நாயை விரட்டுகிற சொல்.
கரையில் நின்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது
கொஞ்சம் பார்த்து.
வழியனுப்ப நாங்கள் அதோடு நிறுத்துவதில்லை,
போயிட்டு வா என்போம்.
வெள்ளிக்கிழமை வண்டியில் ஏற்றும்போது
நானும் அதைத்தான் சொல்லப்போகிறேன்.
மொழிபெயர்ப்பாளர் அதற்கு என்ன சொல்வாரோ.

கோப்பு எண் நாற்பத்தொன்று.
பேருந்துச் சீட்டு, கண்டக்டர் முகவரி, அந்தச் சட்டை,
எல்லாம் அதற்குள்.
இரும்பு அலமாரியில் கீழ்த்தட்டில் இருந்தது.
ஐப்பசியில் இங்கே
வாசல்வரை தண்ணீர் ஏறும்.
நேற்று ஸ்டூல் போட்டு
மேல்தட்டுக்கு மாற்றிவிட்டேன்.