மட்டி

சோல்காவுக்கு ஒன்பது வாரம்.
பால் பற்கள். அரிசி நொய் அளவுதான்,
ஆனால் ஊசி.
வால்டிவியா மீன் சந்தையில்
கடல்சிங்கங்கள் படுத்திருக்கும் படிக்கட்டுக்கு மேலே
ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடந்தவளை
அக்கா எர்மினியா தூக்கிவந்து என் மடியில் போட்டாள்.
அன்று முதல் கடிக்கிறாள்.
செருப்பை, விறகை, துடைப்பத்தை,
எல்லாவற்றையும்விட என் கைகளை.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது.
இந்த வீட்டில் ஓயாமல் அசைவது அவைதான்.
எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது.
'மழை இன்றைக்கும் விடாது' என்று
அக்காவிடம் சொல்ல விரல்களை இறக்குகிறேன்,
பாதி மழையில் பாய்ந்து கவ்வுகிறாள்.
'உப்பு எங்கே?'
உப்பு அவள் வாயில்.
ஒரு வாரமாக என் வாக்கியங்கள் எல்லாம்
சுண்டுவிரல் ரத்தத்தில் போய் முடிகின்றன.

கால்நடை மருத்துவர் ஒரு சீட்டில் எழுதித் தந்தார்:
கடித்தால் கையை இழுக்காதீர்கள்,
இழுத்தால் விளையாட்டென்று நினைக்கும்.
'ஆ' என்று கத்துங்கள்.
கூடப்பிறந்த குட்டிகள் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கும்.
பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.
எழுதி முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.
'கத்துங்கள்' என்பதை அடித்தார்.
காது மடல்வரை சிவந்துபோனார், பாவம்.

குரல் எனக்கு இருக்கிறது.
பள்ளியில் சகோதரி எதுவிஹெஸ்
என் ஒரு கையை முதுகுக்குப் பின் கட்டி
மறு கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு
'பா' என்பார். நான் 'பா' என்ன வேண்டும்.
ஆறு வருடம் அந்தப் 'பா'.
பதினாறு வயதில் ஒருமுறை
பேருந்தை நிறுத்தச் சொல்லிக் குரல் எடுத்தேன்.
எல்லாத் தலையும் திரும்பியது.
ஒரு பையன் வாயைக் கோணிக் காட்டினான்.
இறங்கிவிட்டேன்.
அதற்கப்புறம் முப்பத்தொரு வருடம்
குரலை வெளியே விட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை அடுப்பில் விறகு வைக்கும்போது
கட்டைவிரல் சதையில் பிடித்தாள்.
நான் யோசிக்கவில்லை.
லாரி போனால் ஜன்னல் கண்ணாடி நடுங்குமே,
அப்படி நெஞ்செலும்பு நடுங்கியது.
அது எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது.
அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள்.
சோல்கா விட்டுவிட்டாள்.
தலையை ஒருபக்கம் சாய்த்து
என் கையை அல்ல,
முதல்முறையாக என் வாயைப் பார்த்தாள்.

திருப்பிக்கொள்ள வேண்டும் என்றிருந்ததே,
திருப்பிக்கொண்டேன்.
சுவரைப் பார்த்தபடி முப்பது எண்ணினேன்.
சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. பூச வேண்டும்.

உடனே திருந்திவிடவில்லை.
அன்று சாயங்காலமே பதினொரு கடி, பதினொரு 'ஆ'.
ஏழாவதுதான் நன்றாக இருந்தது என்றாள் அக்கா,
கதவிடுக்கில் மாட்டிய வாத்து மாதிரி என்றாள்.
அடுப்புத் துணியை அவள்மேல் எறிந்தேன்.
அதையும் சோல்கா கவ்வினாள்.

செப்டம்பரில் பால் பற்கள் விழுந்தன.
ஒன்று கம்பளத்தில் கிடைத்தது,
தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.
நேற்றுக்கூட அக்காவின் காலுறை ஒன்று போயிற்று.
என் கையை மட்டும் அழுத்துவதில்லை.
அந்த ஈர வாய்க்குள் என் மணிக்கட்டு
முட்டைபோலப் பத்திரமாக இருக்கிறது.

சோல்கா என்றால் இங்கே மட்டி.
கைமொழியில் அவளைக் கூப்பிட
இரண்டு உள்ளங்கையும் ஒட்டி
மெல்லத் திறக்க வேண்டும்.
ஒரு கை அவள் வாயில் இருக்கும்போது
மறு கையால் பாதிப் பெயரைச் சொல்கிறேன்.
மீதிப் பாதியை
அவள் திறக்கிறாள்.