நீறு பூக்காத ஒன்று

பாகலூர்ப் பக்கம் ரோஜாக் கூடாரத்தில்
வாரம் ஆறு நாள் கந்தகம் அடிக்கிறேன்.
ஏழாம் நாள்
வீட்டுக் கொல்லையில்
மருந்து டப்பாவைத் திறக்கக் கூடாது என்பது
நானே போட்ட சட்டம்.
என் மூக்கு அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

செடி வந்தது கம்பெனிக் குப்பையிலிருந்து.
ஃப்ளாக்ஸ்.
பெங்களூரில் யாரோ கேட்டு, பிறகு வேண்டாமென்றதில்
பதினாலு தொட்டி எருமேட்டுக்குப் போனது.
சூப்பர்வைசர் கௌரீஷிடம் கேட்டேன்.
"எடுத்துட்டுப் போங்க நாகவேணி,
ஒரு மழைக்குத் தாங்காது" என்றார்.

தளியில் ஒரு மழை என்று எதுவும் கிடையாது.
ஐப்பசியில் ஆரம்பித்தால்
மழை, மழையின் மிச்சம், மழை போலப் பனி என்று
மூன்று பெயரில் தை வரைக்கும் ஒரே ஈரம்தான்.

முதல் வருஷம் நன்றாகத்தான் நின்றன.
இடுப்புயரத் தண்டு, உச்சியில் கொத்துக் கொத்தாய்
ஊதா, வெள்ளை, நாவல்பழக் கறை நிறம்.
பொழுது சாய்ந்தால்
கிராம்பு கடித்த வாய் போல ஒரு வாசனை.
இரண்டாம் வருஷம் நெருக்கிக்கொண்டு வளர்ந்தன.
தீபாவளிக்கு முந்தின வாரம்
அடி இலையில் விரல் வைத்தேன்,
மாவு ஒட்டியது.
கோலப்பொடி பறந்து வந்ததென்று நம்ப
ஒரு நாள் எடுத்துக்கொண்டேன்,
ஆறு நாளும் பார்க்கிற நோயை
ஏழாம் நாள் முன்பின் தெரியாதது போல.

வேலிக்கு அந்தப்பக்கமிருந்து மாதேஷ் கேட்டான்:
"மருந்தடிக்கிற கை, உன் செடிக்கு மட்டும் நோம்பா?"

அப்புறம் ஆனை வந்தது.
ஜவளகிரிக் காட்டிலிருந்து கேழ்வரகுக்கு வந்தது,
குறுக்குவழியென்று என் கொல்லையில் இறங்கி
பாத்தியின் நடுவே நாலெட்டு வைத்துப் போயிற்று.
பூவை மோந்துகூடப் பார்க்கவில்லை.
விடிந்ததும் தடத்துக்குத் தடம் தண்ணீர்,
தண்ணீரில் ஊதா இதழ்.
எட்டுச் செடி போயின.
வனத்துறைக்கு மனு எழுத உட்கார்ந்தேன்.
'சேதமான பயிர்' என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.

மார்கழியில்தான் கவனித்தேன்.
ஆனை திறந்துவிட்ட இடத்தில் காற்று புகுந்து புறப்பட,
மிஞ்சிய ஆறில்
ஐந்தில் நீறு குறைந்திருந்தது.
ஆறாவதில் நீறே இல்லை.
வெள்ளைப் பூ, நடுவில் வெற்றிலை எச்சில் தெறித்த சிவப்பு.
இருப்பதில் குட்டை. அழகில் கடைசி.

இது செடியின் குணமா, ஆனையின் தயவா?

அதன் வேரைத் தோண்டினேன்.
பென்சில் கனத்தில் இருந்ததை
இரண்டு விரல்கடை நீளத்துக்கு நறுக்கி
பால் கவரில் மணலும் எருவுமாய்ப் படுக்கவைத்தேன்.
விதை போட்டால் அப்பன் யாரென்று தெரியாது,
வேரென்றால் அதே செடிதான்.
பத்தொன்பதில் பதினொன்று முளைத்தது.

நல்ல இடத்தில் வைக்கவில்லை.
குளியலறைத் தண்ணீர் ஓடும் பக்கம்,
சுவர் நிழல், காற்று எட்டாத மூலை.
நீறு கண்ட அந்த ஐந்தையும் பெயர்த்து வந்து
நடுவே தோளோடு தோள் இடிக்க நட்டேன்.
தலையில் தண்ணீர் ஊற்றினேன், அதுவும் அந்தியில்.
செய்யாதீர்கள் என்று புதிதாய் வரும் பெண்களிடம்
நான் சொல்கிற அத்தனையையும் செய்தேன்.
மாதேஷ் எட்டிப் பார்த்துவிட்டு
"இது வளர்ப்பா, வம்பா?" என்றான்.

இன்று கார்த்திகை பதினேழு.
விடியுமுன் பேட்டரி விளக்கோடு குனிந்து
இலையிலையாய்ப் புரட்டினேன்.
பக்கத்துச் செடிகள் சுண்ணாம்பு அடித்த சுவர்.
இதில்
கீழிருந்து மூன்றாம் இலையில்
ஒரு மிளகளவு வெள்ளை.
நேற்றும் அதே மிளகு.
முந்தாநாளும்.

கம்பெனி வண்டி ஆரன் அடிக்கிறது.
முகக்கவசத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
மிளகைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டு
ஓடுகிறேன்.
சாயங்காலம் வந்து பார்க்க வேண்டும்,
வட்டத்துக்கு உள்ளேயேதான் இருக்கிறதா என்று.